முதல் கன்ட்ரோல் லைன் விமானம்: சின்னதை வாங்காதீர்கள்

புதிதாகக் கன்ட்ரோல் லைன் விமானம் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "சின்னதா, விலை கம்மியா ஏதாவது இருக்கா?" என்றுதான். மலைமேல் இருக்கும் கரியாலூர் மைதானத்தில் சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று என இரண்டையும் அடுத்தடுத்துப் பறக்கவிட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதற்கு நேர்மாறு. பழகுபவரைச் சின்ன விமானம்தான் பாடாய்ப் படுத்துகிறது.

கன்ட்ரோல் லைனில் ரிமோட் கிடையாது. வட்டத்தின் நடுவில் ஓட்டுபவர் நிற்கிறார். அவர் கையிலுள்ள ஹேண்டிலிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இடது இறக்கை வழியாகப் போய், பெல்கிராங்க் என்ற சிறு தகட்டில் முடிகின்றன. ஹேண்டிலை மேலே சாய்த்தால் வாலில் உள்ள எலிவேட்டர் தூக்கிக்கொள்ளும், விமானம் ஏறும். அமெரிக்காவின் ஜிம் வாக்கர் 1940களில் 'யு-கன்ட்ரோல்' என்ற பெயரில் விற்றுப் பரப்பிய முறை இது. நம் ஊர்ப்பக்கம் இதைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் என்சிசி ஏர் விங் கேடட்களிடம்தான் பார்த்திருப்பீர்கள். வாயு சைனிக் முகாமின் ஏரோமாடலிங் போட்டிகளில் இதுவும் உண்டு.

முதலில் சின்னது. எடை 150 கிராம், கம்பி 10 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு 3 விநாடிதான். பம்பரம் மாதிரி சுழல வேண்டியிருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. கையில் தெரியும் இழுவையோ 600 கிராம் அளவுதான். மலைச்சரிவிலிருந்து ஒரு காற்று திரும்பி அடித்தால் கம்பி தொய்ந்துவிடும். கம்பி தொய்ந்த விமானத்துக்கு நீங்கள் வெறும் பார்வையாளர்.

அடுத்தது 600 கிராம் மாடல், ஏறக்குறைய 16 மீட்டர் கம்பி. அதே வேகத்தில் சுற்றுக்கு 5 விநாடி, இழுவை ஒன்றரைக் கிலோ. யோசிக்க நேரம் கிடைக்கிறது, பிடியும் இறுக்கமாக இருக்கிறது. பலகைபோல் தட்டையான உடல், தடித்த இறக்கை, பார்க்க அழகில்லை. ஆனால் விழுந்து உடைந்தால் பசை போட்டு மறுநாளே பறக்கவிடலாம். 1950களின் ஸ்டெர்லிங் 'ரிங்மாஸ்டர்' இன்றுவரை விரும்பிக் கட்டப்படுவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். போர்விமானம்போல் வழவழவென்று இருக்கும் மாடல்களை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினா, மின் மோட்டாரா? சிறு டீசல் எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சமபங்கு வேண்டும். ஆமணக்குக்கு இங்கே பஞ்சமில்லை. மலைக்கு அந்தப்பக்கம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அலைய வைப்பது ஈதர்தான். அந்த வாசனைக்கும் சத்தத்துக்கும் நான் அடிமை என்றாலும், புதியவருக்கு டைமர் வைத்த மின் மோட்டாரையே சொல்வேன். ஒரே சீரான வேகம், குறித்த நேரத்தில் தானாக நிற்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 2,700 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட 8 சதவீதம் போலக் குறைவு. கள்ளக்குறிச்சியில் 'ஜம்' என்று எழும்பியது மலையில் கொஞ்சம் சோம்பலாகத்தான் எழும்பும்.

பூட்டுவதில்தான் பாதி வெற்றி. எடைமையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மூக்கு கனமான விமானம் மந்தமாகப் பறக்கும், வால் கனமானது துள்ளி விழும். வலது இறக்கை நுனியில் சிறு ஈயத்துண்டு வைத்தால் இடப்பக்கம் இழுக்கும் கம்பியின் எடைக்கு அது ஈடு. எலிவேட்டர் மேலும் கீழும் 15 டிகிரி அசைந்தால் போதும். பெல்கிராங்கையும் எலிவேட்டரையும் இணைக்கும் புஷ்ராடை எலிவேட்டர் கொம்பின் வெளித்துளையில் மாட்டினால் அசைவு குறையும். ஹேண்டிலில் இரு கம்பிகளுக்கும் இடைவெளியைக் குறைத்தாலும் அப்படித்தான். ஹேண்டிலை நேராகப் பிடித்தபோது எலிவேட்டரும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பி நீளத்தைச் சரிசெய்யாமல் பறக்கவிடவே கூடாது. பிறகு இழுவைச் சோதனை: விமான எடையைப்போல் பத்து மடங்கு, அதாவது 600 கிராமுக்கு 6 கிலோ. ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்பிரிங் தராசை ஹேண்டிலில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பியின் முடிச்சு உருவுவதானால் இப்போதே உருவட்டும்.

விமானம் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போகும். விமானத்தைப் பிடித்திருப்பவரிடம், காற்று வாலில் அடிக்கும்படி வைத்து விடச் சொல்லுங்கள். முதல் கால்வட்டத்திலேயே காற்று அதை வெளிப்பக்கம் தள்ள, கம்பி விறைப்பாகிவிடும். மணிக்கட்டை மடக்காமல், கையைத் தோளிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். கண் விமானத்தின் மேலேயே இருந்தால் கிறுகிறுப்பு குறையும். பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால் அந்த மைதானம் வேண்டாம். உங்கள் கையில் இருப்பதும் உலோகக் கம்பி. இடி இடிக்கும் நாளிலும் பெட்டியைத் திறக்காதீர்கள்.

காசு குறைவென்றால் மாடலில் குறைத்துக்கொள்ளுங்கள், கம்பியில் வேண்டாம். பறந்து முடிந்ததும் முழங்கையில் சுற்றாமல் ரீலில் சுற்றுங்கள். ஒரு இடத்தில் மடிந்து நெளிந்தாலும் அந்தக் கம்பியை நேராக்கி மறுபடி கட்டாதீர்கள், புதுசு வாங்கிவிடுங்கள்.