முப்பது மாதக் கெடு

2012ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில் ஓர் இளம் தமிழ்ப் பெண் கொலை செய்யப்பட்டார். கொன்றதாகக் கைதானவர் அவருடைய கணவர், இலங்கைத் தமிழர். இரண்டாம் நிலைக் கொலை என்று குற்றச்சாட்டு பதிவானது. 2017 ஏப்ரலில் க்யூபெக் மேல்நிலை நீதிமன்றம் அந்த வழக்கை நிரந்தரமாக நிறுத்திவிட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தீர்ப்பே இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைத்திருந்தது அவருடைய அரசியல் சாசன உரிமையைப் பறித்துவிட்டது என்பதுதான் காரணம். சில மாதங்களில் அவர் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அரசின் மேல்முறையீட்டை 2020இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அவர் கொன்றாரா இல்லையா என்று எந்த ஜூரியும் சொல்லவில்லை.

இந்த முடிவுக்கு வழிவகுத்தது 2016 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜோர்டான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட எவரும் நியாயமான காலத்துக்குள் விசாரிக்கப்பட வேண்டும் என்கிறது 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனம். எவ்வளவு காலம் நியாயமானது என்று அது சொல்லவில்லை. ஜோர்டான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எண் வைத்தது: மாகாண நீதிமன்றத்தில் 18 மாதம், மேல்நிலை நீதிமன்றத்தில் 30 மாதம். குற்றச்சாட்டு பதிவான நாளில் கணக்கு தொடங்குகிறது. கெடு தாண்டினால் தாமதம் நியாயமற்றது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எதிர்பாராத நிகழ்வு குறுக்கிட்டது என்றோ, வழக்கு மிகச் சிக்கலானது என்றோ காட்ட வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் இந்த எண்களை ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கான வழக்குகள் விழக்கூடும் என்று எச்சரித்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஜோர்டானின் உரிமை மீறப்பட்டது என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. போதைப்பொருள் வழக்கில் அவருக்கு விசாரணை முடிய நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

இந்தக் கெடுவை நான் ஆதரிக்கிறேன். அதற்கு முன்பிருந்த நிலையை நினைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர முடியாது. 1990இல் ஆஸ்கோவ் தீர்ப்பு ஒரு கால அளவைச் சொன்னது. அடுத்த ஓராண்டுக்குள் ஒன்டாரியோவில் மட்டும் 47,000க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் நிறுத்தப்பட்டன அல்லது திரும்பப் பெறப்பட்டன. அதிர்ந்துபோன நீதிமன்றம் 1992இல் மோரின் வழக்கில் பிடியைத் தளர்த்தியது. தாமதத்தால் உனக்கு என்ன பாதிப்பு, யார் காரணம், வழக்கு எவ்வளவு முக்கியமானது என்று எல்லாவற்றையும் தராசில் வைத்து எடைபோடும் முறை வந்தது. கேட்க அழகான முறைதான். நடைமுறையில், எவ்வளவு தாமதத்துக்கும் ஏதாவதொரு சமாதானம் கிடைத்தது. நீதிமன்றங்களில் மெத்தனமே ஒரு பண்பாடாகிவிட்டது என்று ஜோர்டான் தீர்ப்பு கடிந்துகொண்டதற்கு இந்த இருபத்து நான்கு ஆண்டுகள்தான் பின்னணி.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதைக் கீழ்நிலை நீதிமன்றத்தின் ஒரு காலை வேளையில் பார்க்கலாம். பெயர் அழைக்கப்படுகிறது. கைபேசித் தரவுகள் போலீசிடமிருந்து இன்னும் வரவில்லை என்கிறார் அரசு வழக்கறிஞர். அதைப் பார்க்காமல் விசாரணைத் தேதி குறிக்க முடியாது என்கிறார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். மூன்று வாரம் வாய்தா. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த உரையாடல் பதிவாகிறது. கெடு தாண்டியதாக மனு போடும்போது இப்படிப்பட்ட ஒவ்வொரு வாய்தாவின் பதிவையும் எழுத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நாள் யார் கணக்கில் சேரும் என்று வாதாடுகிறார்கள். நீதிமன்றமும் அரசுத் தரப்பும் தயாராக இருக்கும் வாரத்தில், எனக்கு வேறு வழக்கு இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னால் அந்தக் காலம் மொத்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படலாம். நியாயமாக எடுத்துக்கொண்ட தயாரிப்பு நாட்கள் கழிக்கப்படுவதில்லை.

அரசு வழக்கறிஞரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. கனடாவில் அவருடைய கடமை வெற்றி தோல்வி சார்ந்ததல்ல என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே பூஷே வழக்கில் சொல்லிவிட்டது. தன் கையிலுள்ள பொருத்தமான தகவல் முழுவதையும், தனக்குப் பாதகமானதையும் சேர்த்து, எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது 1991ஆம் ஆண்டின் ஸ்டின்ச்கோம்ப் தீர்ப்பு. மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்த டொனால்டு மார்ஷல், தனக்குச் சாதகமான தகவல் தன் தரப்புக்குத் தரப்படாமல், தான் செய்யாத கொலைக்காக 11 ஆண்டுகள் சிறையில் கிடந்த கொடுமையை அறிந்த நாடு அப்படித்தான் தீர்ப்பளிக்க முடியும். அந்தக் கடமை எழுதப்பட்டது கோப்புகளின் காலத்தில். இன்று ஒரு சாதாரண வழக்கில்கூட கண்காணிப்புக் கேமராக் காட்சி, கைபேசிச் செய்தி, போலீஸ் உடற்கேமராப் பதிவு என்று மணிக்கணக்கில் குவிகிறது. ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, மறைக்க வேண்டியதை மறைத்து அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு ஆள் போடாமல் கெடுவை மட்டும் விதித்தால் என்ன ஆகும்?

வழக்கறிஞர்கள் இருவரின் நாட்களும் இப்படி எண்ணப்படும்போது நீதிபதி தீர்ப்பெழுத எடுத்துக்கொள்ளும் காலம் இந்தக் கெடுவுக்குள் வருவதில்லை. 2020இல் கே.ஜி.கே. வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடிவெடுத்தது. மானிடோபாவில் நடந்த அந்த வழக்கில் வாதம் முடிந்தபின் தீர்ப்புக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. அது உரிமை மீறல் ஆகவில்லை. அவசரத்தில் எழுதிய தீர்ப்பு யாருக்கும் நல்லதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல்லோருக்கும் எண் வைத்த நீதிமன்றம் தனக்கு மட்டும் எண் வைக்காமல் விட்டது எனக்கு உறுத்துகிறது. காவலில் காத்திருப்பவருக்கு அந்த ஒன்பது மாதமும் சிறைதான்.

இதைவிடப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மேல்நிலை நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பது ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு. கட்டடம், ஊழியர், பெரும்பாலான அரசு வழக்கறிஞர்கள் மாகாணத்தின் பொறுப்பு. 2023 மே மாதம் தலைமை நீதிபதி ரிச்சர்ட் வாக்னர், நீதிபதி இடங்கள் 85 காலியாக இருப்பதைச் சுட்டி, கெடு தாண்டி வழக்குகள் விழுகின்றன என்று அன்றைய பிரதமர் ட்ரூடோவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாட்டின் தலைமை நீதிபதி பிரதமருக்குக் கடிதம் எழுதி நீதிபதி கேட்க வேண்டியிருந்தது! வழக்கு விழும்போது நியமிக்கத் தவறிய அமைச்சரும் நிதி ஒதுக்காத மாகாணமும் எதையும் இழப்பதில்லை. இழப்பவர் சாட்சிக்கூண்டில் ஏறத் தயாராகி, பலமுறை தேதி மாற்றப்பட்டு, கடைசியில் இனி வர வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்பவர்.

நாடாளுமன்றம் செய்ததும் ஆறுதல் தரவில்லை. 2019இல் ஆரம்பக்கட்ட விசாரணையைக் கடும் குற்றங்களுக்கு, அதாவது 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்கவற்றுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அரசிடம் உண்மையிலேயே சாட்சியம் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருந்த வழி அது. அவருடைய ஓர் உரிமையைக் காக்க இன்னொரு பாதுகாப்பில் கைவைத்திருக்கிறார்கள்.

இனி நிவாரணத்துக்கு வருவோம். நியாயமற்ற தாமதத்துக்குக் கனடாவில் பரிகாரம் ஒன்றே ஒன்று: வழக்கை நிறுத்துவது. 1987ஆம் ஆண்டின் ராஹி வழக்கிலிருந்து இதுதான் நிலை. ஒரு மனுவின் மீது முடிவு சொல்ல நீதிபதியே 11 மாதம் எடுத்துக்கொண்டு 19 முறை ஒத்திவைத்த வழக்கு அது. அங்கே அந்தப் பரிகாரம் பொருத்தமாகவே இருந்தது. கடைத் திருட்டுக்கும் கொலைக்கும் அதே பரிகாரம் பொருந்துமா? ஜெர்மனியில் 2008 முதல், தாமதத்துக்கு ஈடாகத் தண்டனையின் ஒரு பகுதியை ஏற்கெனவே அனுபவித்ததாகக் கணக்கிடுகிறார்கள். கனடாவின் செனட் குழுவும் 2017இல் தண்டனைக் குறைப்பு போன்ற மாற்றுகளை ஆராயச் சொன்னது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. தண்டனைக் குறைப்பு குற்றவாளிக்குத்தான் கிடைக்கும்; ஐந்து ஆண்டுகள் காத்திருந்து விடுதலையாகும் நிரபராதிக்கு அதில் ஒன்றுமில்லை. அதோடு, விளைவு மென்மையானால் அரசுகள் மறுபடி தூங்கிவிடும். மோரினுக்குப் பிறகு நடந்தது அதுதானே.

இரண்டையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன், உயிர் போன வழக்குகளிலும் பாலியல் வன்முறை வழக்குகளிலும் கெடு தாண்டியவுடன் முதலில் நடக்க வேண்டியது காவலிலிருந்து விடுவிப்பு, தேவையான நிபந்தனைகளோடு. அடுத்து, பிற வழக்குகளைத் தள்ளிவைத்தாவது குறுகிய, மாற்ற முடியாத விசாரணைத் தேதி. குற்றம் நிரூபணமானால் தண்டனையில் கழிவு, விடுதலையானால் அரசு கஜானாவிலிருந்து இழப்பீடு. நியாயமான விசாரணைக்கே வழியில்லாமல் போனால், சாட்சிகள் இறந்துவிட்டால், ஆதாரம் தொலைந்துவிட்டால், அப்போது வழக்கை நிறுத்தலாம். இழப்பீட்டுத் தொகை தாமதத்துக்குக் காரணமான துறையின் வரவுசெலவுக் கணக்கில் தனித் தலைப்பாக வர வேண்டும். நியமனம் தாமதித்ததென்றால் ஒட்டாவாவின் கணக்கில், நீதிமன்ற அறையோ ஊழியரோ இல்லையென்றால் மாகாணத்தின் கணக்கில். யாருடைய நாள் எது என்று பிரித்தெடுக்க நீதிமன்றங்கள் ஜோர்டானுக்குப் பிறகு நன்றாகவே பழகியிருக்கின்றன.