அக்ரிலிக்குக்கென்று ஒரு தனிப் பிளேடு

கொலு பொம்மைகளுக்குத் தூசு படாத பெட்டி செய்ய 5 மி.மீ. அக்ரிலிக் ஷீட் வாங்கினேன். டேபிள் சாவில் மாட்டியிருந்தது பிளைவுட் அறுக்கும் 24 பல் பிளேடு. ஒரே அறுப்பில் ஓரம் எலி கடித்தது போலாகிவிட்டது. அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

காரணம் எளிய கணக்குதான். 10 அங்குலப் பிளேட்டில் 24 பல் என்றால் பல்லுக்குப் பல் 33 மி.மீ. இடைவெளி. பிளேடு ஷீட்டுக்கு மேல் 12 மி.மீ. தெரியும்படி ஏற்றினால், ஒரு பல் ஷீட்டுக்குள் கடக்கும் தூரம் ஏறக்குறைய 11 மி.மீ. அது வெளியேறி அடுத்தது வரும்வரை ஷீட்டுக்குள் பல்லே இல்லை. ஒவ்வொரு பல்லும் சுத்தியல் அடியாக இறங்குகிறது. 80 பல்லில் இடைவெளி 10 மி.மீ.; ஒன்று வெளியேறும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. அடுத்து மாட்டிய 60 பல் பிளேட்டிலும் பொடிச் சில்லுகள் நிற்கவில்லை. அதன் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து, நுனி கூராக இருக்கும். மரத்தின் நாரைச் சீவ அந்தக் கூர் வேண்டும். அக்ரிலிக்கில் நார் கிடையாது. கூர்முனை பட்ட இடத்தில் விரிசல்தான் தொடங்குகிறது.

கடைசியில் வாங்கியது 80 பல், கார்பைடு முனை, 'டிரிப்பிள் சிப்' வகை. ஒரு பல்லின் இரு மூலைகளும் மழித்திருக்கும். அது சற்று உயரமாக நின்று நடுவில் தடம் போடும். பின்னால் வரும் தட்டைப் பல் இரு பக்கச் சுவரையும் வழித்தெடுக்கும். பற்கள் முன்னோக்கிச் சாயாமல், சற்றே பின்சாய்வாக இருப்பதால் ஷீட்டை இழுத்துக் கொத்துவதில்லை. அலுமினிய ஜன்னல் செய்பவர்கள் வைத்திருப்பதும் இதே குடும்பம்தான். அவர்களிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்.

இதில் வந்த ஓரம் பனி படர்ந்த கண்ணாடி போல ஒரே சீராக இருந்தது. உப்புத்தாள் தேய்க்கும் வேலை பாதியாகக் குறைந்தது.

ஆனால் நல்ல பிளேடும் சூட்டை மன்னிக்காது. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். பயந்து மெல்லத் தள்ளினேன். பல் வெட்டாமல் உரசியது, ஓரத்தில் உருகிய நூல்கள் தொங்கின. நிற்காமல், ஒரே வேகத்தில் தள்ளுங்கள். அச்சில் வார்த்த 'காஸ்ட்' ஷீட் பொடியாக உதிரும். பிதுக்கித் தயாரித்த 'எக்ஸ்ட்ரூடட்' ஷீட் சீக்கிரம் இளகும். அப்படி இளகினால், அறுத்த தடம் பிளேடுக்குப் பின்னால் மறுபடி ஒட்டிப் பிளேடைக் கவ்வும். அப்போது ஷீட் நம்மை நோக்கிப் பாயும். தடம் மூடாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பின்கத்தியைக் கழற்றாதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள்.

சூட்டின் இன்னொரு தீங்கு உடனே தெரியாது. ஓரத்தில் இறுக்கம் தங்கிவிடும். ஒட்டும் திரவம் பட்டதும் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். என் முதல் பெட்டியின் மூலைகள் அப்படித்தான் கெட்டன.

பாலிகார்பனேட்டுக்கும் இதே பிளேடு போதும். அது சில்லு விடாது, பிசிர்தான் விடும். 120 பல் வாங்கத் தோன்றும். மெல்லிய ஷீட்டுக்குச் சரி, 10 மி.மீ. கனத்துக்குப் பல்லிடுக்கில் தூள் அடைத்துச் சூடேறும்.

பிளைவுட்டின் பசை கார்பைடு முனையை மழுக்கிவிடும். அதனால் இந்தப் பிளேட்டில் சிவப்புப் பெயின்ட் தடவித் தனி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.