ஒன்பதாம் அலகு: உயர்தர உயிரியல் பாடத்திட்டத்தை ஒரு நூலாக வாசித்தல்

கவிதைத் தொகுதிகளுக்கும் நாவல்களுக்கும் நம்மவர்கள் விமர்சனம் எழுதுகிறார்கள். ஐம்பது பிரதி விற்கும் நூலுக்குக்கூட நாலு பக்க மதிப்பீடு வந்துவிடுகிறது. ஆனால், நம்ம பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதில் இரண்டு வருடம் இரவும் பகலும் வாசிக்கும் ஓர் எழுத்தை யாரும் விமர்சிப்பதில்லை. பாடத்திட்டத்தைத்தான் சொல்கிறேன். அதை அரசாங்கக் கடதாசி என்று நினைத்து விட்டுவிடுகிறோம். ஆனால் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது, எந்த உதாரணத்தை எடுப்பது, எந்தத் தமிழில் சொல்வது என்று யாரோ தீர்மானித்து எழுதிய நூல்தான் அதுவும். அக்குறணையில் இருந்துகொண்டு, உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் அதை அப்படியே வாசித்துப் பார்க்கிறேன்.

தேசிய கல்வி நிறுவகம் 2017இல் நடைமுறைப்படுத்திய பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். அறிமுகம், உயிரின் இரசாயன மற்றும் கல அடிப்படை, கூர்ப்பும் உயிரினப் பல்வகைமையும், தாவரம், விலங்கு, பிறப்புரிமையியல், மூலக்கூற்று உயிரியல், சூழல் உயிரியல், நுண்ணுயிரியல், பிரயோக உயிரியல். நூல் என்ற வகையில் இந்தக் கட்டமைப்பு நல்லது. சிறியதிலிருந்து பெரியதற்கும், அறிவிலிருந்து பயன்பாட்டுக்கும் அது போகிறது. உள்ளடக்கமும் பழசில்லை. முதலில் இதைச் சொல்லத்தான் வேண்டும். நம்மவர்களின் விமர்சனம் பெரும்பாலும் "பாடம் கூடிப்போச்சு, பிள்ளைகளுக்குப் பாரம்" என்பதோடு நின்றுவிடுகிறது. என் குறை அதுவல்ல.

காகிதத்தில் இருக்கும் ஒழுங்கு வகுப்பறைக்குள் வரும்போது வேறொன்றாகிவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு டியூஷன் தொடங்கிவிடும். கலமும் நொதியமும் மாதக்கணக்கில் இழுபடும். தாவரமும் விலங்கும் ஒரு வருடத்தைத் தின்னும். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய அலகுகளுக்கு வரும்போது பரீட்சை வாசலில் நிற்கும். "சேர், இது பாஸ்ட் பேப்பர்ல எத்தனை தரம் வந்திருக்கு?" என்பதுதான் அப்போது பிள்ளை கேட்கும் ஒரே கேள்வி. முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு, இரண்டாவதில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். செயன்முறைக்கெனத் தனிப் பரீட்சை கிடையாது. ஆகவே ஆய்வுகூடமும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இப்படிக் கடைசியில் அள்ளித் தெளிக்கப்படுவதில்தான் நமது ஆற்று நீர், நமது நோய்கள், நமது தோட்டப் பயிர்கள் எல்லாம் இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் உறைப்பது ஒன்பதாம் அலகு. காரணத்தை ஊரார் அறிவார்கள்.

2020 மார்ச் இறுதியில் அக்குறணை முடக்கப்பட்டது. சில நாட்களில் இன்னொரு பிரச்சினை எழுந்தது. கொவிட்டில் இறந்தோரின் உடல்களைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்று ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்தால் வைரசு நிலத்தடி நீரில் கலக்கும் என்பது சொல்லப்பட்ட நியாயம். அடக்கம், தகனம் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. இருந்தும் 2021 பெப்ரவரி கடைசி வரை அந்த விதி மாறவில்லை. பிறகுதான் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்தப் பத்து மாதங்களில் நாம் அழுதோம், துஆக் கேட்டோம், வழக்குப் போட்டோம். உரிமையின் மொழியிலும் மார்க்கத்தின் மொழியிலும் பேசினோம். அவையெல்லாம் தேவைதான். ஆனால் எதிரே வைக்கப்பட்ட வாதம் உயிரியல் வாதம். அதற்கான பதிலின் அடிப்படை ஏ/எல் பிள்ளையின் கொப்பியிலேயே இருந்தது: வைரசுக்குக் கலம் இல்லை. உயிருள்ள கலத்துக்குள் போனால்தான் அது பெருகும்.

இந்த வசனத்தை மனப்பாடமாக எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். விளங்கிக்கொண்ட பிள்ளை அடுத்த படிக்குப் போகும். 'பெருகாது' என்பதும் 'உடனே அழிந்துவிடும்' என்பதும் ஒன்றல்ல. கலத்துக்கு வெளியே ஒரு வைரசு சில காலம் தொற்றும் திறனோடு இருக்கலாம். அப்படியானால் நிலத்தடி நீர் பற்றிய அச்சத்தை நிறுவ என்னென்ன காட்ட வேண்டும்? இறந்த உடலில் அது எவ்வளவு காலம் அப்படி இருக்கும், மண்ணைக் கடந்து நீருக்குப் போகுமா, போனாலும் சுவாசவழியால் பரவும் ஒரு வைரசு குடிநீரால் தொற்றியதற்குச் சான்று உண்டா? மூன்று கேள்வி. மூன்றையும் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்கலாம். வீட்டில் வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் தமிழில் எடுத்துச் சொல்லலாம், சிங்கள நண்பனோடு ஆத்திரப்படாமல் பேசலாம். ஊரில் உயிரியல் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. மருத்துவபீடத்துக்கு வருடா வருடம் அனுப்புகிறோம். ஆனால் உயிரியலைப் பொதுவெளியில் வாதிடும் மொழியாக நாம் படிப்பிக்கவில்லை. மருத்துவபீடத்தின் வாசல் திறக்கும் சாவியாக மட்டுமே படிப்பித்தோம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பெருந்தொகையான பிள்ளைகளுக்கு அந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை.

மொழி என்றதும் சொற்களைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ்நாட்டார் 'செல்' என்பதை நாம் 'கலம்' என்கிறோம். அவர்களுக்குத் திசு, நமக்கு இழையம். அவர்களுக்கு மைட்டோகாண்ட்ரியா, நமக்கு இழைமணி. குரோமோசோம் நமக்கு நிறமூர்த்தம். இலங்கையில் சுயமொழிக் கல்வி வந்த காலத்தில் அறிஞர்கள் உட்கார்ந்து ஆக்கிய சொற்கள் இவை. அதற்கும் முன்னர், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்து, நவீன கல்வியின் தேவையைத் தமிழிலேயே நம் சமூகத்துக்கு எடுத்துச் சொன்னார். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லலாமா என்பது இந்த நாட்டில் என்றோ தீர்ந்த கேள்வி.

ஆனால் எல்லாச் சொற்களும் ஒரே தரமல்ல. 'ஆவியுயிர்ப்பு' என்றால் பிள்ளைக்குப் பாதி விளங்கிவிடும். 'பிரசாரணம்' என்றால் சொல்லே ஒரு சுவர். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குவதை உம்மா அடுப்படியில் தினமும் பார்க்கிறார். அதுதான் பிரசாரணம் என்று சொல்லிவிட்டால் சுவர் இடியும். சொல்லைவிட வசனம்தான் பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பெயர்த்த வசனங்களில் எழுவாய் ஓரிடம், பயனிலை ஐந்து வரி தள்ளி இன்னோரிடம். பிள்ளை அதை விளங்க மாட்டாமல் பாடமாக்குகிறது. வசதியுள்ளவர்கள் "இங்கிலிஷ் மீடியம் போட்டிடுவோம்" என்று பிள்ளையை மாற்றுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம்தான் என்பதால் அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் விளங்காததற்கு மருந்து நல்ல தமிழ். அதைத் தேடாமல் மொழியை மட்டும் மாற்றினால் மனப்பாடம்தான் மொழி மாறும்.

அடுத்தது உதாரணங்கள். இதற்கு நமக்கு வாய்த்த இடம்போல் உலகில் குறைவு. 1869இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ், நோயுற்ற கோப்பி இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பார்க்லி என்பவர் அதில் ஒரு புதிய பங்கசைக் கண்டு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லின் பொருள் 'பாழாக்குவது'. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே வந்து, அந்தத் துருநோயின் வித்திகள் எப்படி இலைக்குள் போகின்றன என்று ஆராய்ந்தார். இலையின் கீழ்ப்பக்க இலைவாயால் நுழைகின்றன. ஒரே பயிர் மலை மலையாக நின்றதால் நோய் பரவத் தடையே இருக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பி சரிந்து தேயிலை வந்தது. கண்டி மலைநாட்டின் பொருளாதாரமே ஒரு பங்கசால் புரண்டது. இந்த ஒரு கதைக்குள் பங்கசின் வாழ்க்கை, இலையின் அமைப்பு, பிறப்புரிமை ஒருமைப்பாட்டின் ஆபத்து, சூழல், தாவர நோய் அத்தனையும் வந்துவிடுகின்றன. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

தோட்டத்துக்கு வாருங்கள். கராம்பு என்று நாம் காயவைத்து விற்பது விரியாத பூமொட்டு. பூ விரிந்தால் விலை போச்சு. அதனால்தான் பறிக்கும் நாள் பார்த்துப் பறிக்கிறோம். சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு முளைப்பித்த கன்று எதுவென்று தெரிய ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவேதான் ஒட்டுக் கன்று. இதை வியாபாரி அறிவார், தோட்டக்காரர் அறிவார். அவர்களின் பிள்ளை உயிரியல் வகுப்பில் ஈரில்லத் தாவரத்துக்கு வரைவிலக்கணம் பாடமாக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பது ஆசிரியரின் வேலை. அதைச் செய்யப் பாடத்திட்டம் தடை போடவில்லை.

கூர்ப்பைப் பற்றிப் பேசாமல் நழுவினால் இந்த விமர்சனம் நேர்மையாகாது. மூன்றாம் அலகு வந்ததும் நம் பாடசாலைகளில் ஒரு சங்கடம் நிலவுகிறது. "சோதனைக்கு எழுதுங்க, மனசுல எடுக்காதீங்க" என்று சொல்லிக் கடக்கும் ஆசிரியர்கள் உண்டு. இது மார்க்கத்துக்கும் உதவாது, அறிவுக்கும் உதவாது. தான் நம்பாததை எழுதிப் புள்ளி வாங்கலாம் என்பதையே பிள்ளை அதிலிருந்து படிக்கிறது. பற்றீரியா எப்படி மருந்துக்கு எதிர்ப்புப் பெறுகிறது, புகையடித்தும் நுளம்பு ஏன் சாவதில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். அங்கே இயற்கைத் தேர்வு கண்முன்னே நடக்கிறது. சான்று என்றால் என்ன, அனுமானம் என்றால் என்ன என்று பிரித்துக் காட்டுங்கள். மனிதனின் படைப்புப் பற்றிய கேள்வி எழும்போது மறைக்காமல், அதைப் பேசத் தகுதியான ஆலிமோடும் பேச இடம் கொடுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையை இரண்டு பக்கத்தாரும் பரிகசிக்கக் கூடாது.

இதன் மறுபக்கமாக இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லாவற்றையும் நம்மவர்களே முதலில் சொன்னார்கள் என்று பட்டியல் போடுவது. இப்னு நபீஸ் 13ஆம் நூற்றாண்டில் நுரையீரல் வழியான குருதிச் சுற்றோட்டத்தை எழுதினார் என்பது உண்மை. 1924இல் எகிப்திய மருத்துவர் தத்தாவி பேர்லினில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்ட பிறகுதான் நவீன உலகம் அதை அறிந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லி விடுவதில் பயனில்லை. இதயத்தின் நடுச்சுவரில் துளைகள் உண்டென்று கேலன் சொன்னார், இப்னு சீனாவும் அதை ஏற்றார். சுவர் திண்மமானது, ஆகவே குருதி வேறு வழியால்தான் போக வேண்டும் என்று இப்னு நபீஸ் மறுத்தார். தான் மதித்த ஆசான்களையே உடலமைப்பைக் காட்டி மறுத்த அந்தத் துணிவுதான் ஐந்தாம் அலகில் படிப்பிக்க வேண்டியது.

சரி, என்ன செய்யலாம்? பாடத்திட்டத்தை மாற்ற நம்மால் முடியாது. வேலைத்திட்டத்தை மாற்றலாம். முதல் தவணையில் கலத்தைப் படிப்பிக்கும்போதே ஒன்பதாம் அலகிலிருந்து வைரசையும் பற்றீரியாவையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எது கலம், எது கலமல்ல என்பது அப்போதுதான் துலங்கும். ஏழெட்டுப் பாடவேளைதான் செலவு. தவணைப் பரீட்சை அலகு ஒழுங்கில் வருவதால் குழப்பம் என்பார்கள். முன்கூட்டிப் படித்ததால் எந்தப் பிள்ளைக்கும் புள்ளி குறையாது.

எட்டாம் அலகைக் கடைசிக்கு விடாமல் பிங்கா ஓயாவிடம் ஒப்படையுங்கள். கடைத்தெருவுக்குள் வெள்ளமாக வரும்போது மட்டுமே நாம் பேசும் ஆறு அது. பன்னிரண்டாம் வகுப்பு மாதம் ஒருமுறை ஊருக்கு மேலே ஓரிடத்திலும் ஊருக்குக் கீழே ஓரிடத்திலும் நீர் எடுக்கட்டும். வெப்பநிலை, கலங்கல், பீஎச், கரைந்த ஒட்சிசன், கற்களுக்கடியில் வாழும் சிறு பிராணிகள். இரண்டு வருடத்தில் இருபது தடவையாவது அளக்கலாம். அந்த அட்டவணையைப் பிள்ளைகளே தமிழில் எழுதிப் பிரதேச சபைக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் கொடுக்கட்டும். செலவென்று பார்த்தால் சில இரசாயனங்கள், ஒரு வெப்பமானி, நாலு போத்தல். ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் ஒரு பரிசளிப்பு விழாவின் மேடைச் சோடனைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு போதும்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் மருத்துவபீடம் போவார்கள். மற்றவர்கள் கடை வைப்பார்கள், படிப்பிப்பார்கள், பிள்ளை வளர்ப்பார்கள். அடுத்த முறை யாராவது நீரையும் நோயையும் காரணம் காட்டி நம்மிடம் ஒன்றைச் சொல்லும்போது, "அதுக்கு என்ன சான்று? எப்படி அளந்தீங்க?" என்று கேட்கும் ஆட்கள் அக்குறணைக் கடைத்தெருவிலும் இருக்க வேண்டும்.