கைக்குட்டை கேட்ட உயிர்

கைக்குட்டை சிறு பொருள். ஒரு சாண் துணி, ஓரத்திலே சிறிது பூவேலை, அவ்வளவே. ஆனால் மேனாட்டு மணப்பெண்ணின் கையிலே அது வெறுந்துணி அன்று. ரேந்தைப் பின்னல் ஓரமிட்ட கைக்குட்டையில் மணமகளின் பெயரை இழைத்து மணநாளில் தருவதும், பின்னர் அதனைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டுவதும், அடுத்த மணப்பெண் வருங்கால் எடுத்து அவள் பெயரையும் சேர்ப்பதும் பெல்ஜிய நாட்டு மரபு என்பர். அழகிய மரபு! பரிசு பரிசாக இருக்கும்வரை அதிலே குற்றம் காண நமக்கு எண்ணமில்லை. ஆனால் பரிசே காவலாளியாகி, பரிசே சாட்சியாகி, பரிசே தீர்ப்பும் சொல்லத் தொடங்கிவிட்டால்?

அந்தக் கொடுமையைக் காட்டும் நாடகம் ஒன்று உண்டு. 1604-இல் இங்கிலாந்து மன்னரின் அரண்மனையிலே நடிக்கப்பட்டு, 1622-இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ அது. காதலித்து மணந்த டெஸ்டிமோனாவுக்குப் படைத்தலைவன் ஒத்தெல்லோ தந்த முதற்பரிசு, ஸ்ட்ராபெரிப் பழங்களை நூலால் இழைத்த ஒரு கைக்குட்டை. அது காணாமற் போகிறது. அவள் உயிரும் போகிறது.

1693-இல் தாமஸ் ரைமர் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் இந் நாடகத்தை எள்ளி நகையாடினார். இத்துணை அற்பத் துணிக்கு இத்துணை ஆர்ப்பாட்டமா என்று கேட்டார். மனைவியர் தம் துணிமணிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதிலே கிடைக்கும் பாடம் போலும் என்று கேலி பேசினார். அவர் கேலியாகச் சொன்னதை, நம் வகுப்பறைகளிலே மெய்யாகவே பாடமாகச் சொல்வோர் உண்டு. “கணவன் தந்த காதற்சின்னத்தைக் கவனக்குறைவால் தொலைத்தாள், அழிந்தாள்!” என்று குறிப்பெழுத வைக்கின்றனர். நாம் கேட்கிறோம்: தொலைத்தவள் அவளா?

நாடகத்தைத் திறந்து பாருங்கள். தலைவலி என்கிறான் கணவன். கட்டிவிட வருகிறாள் மனைவி, அதே கைக்குட்டையால். சிறியது, வேண்டாம் என்று தள்ளுகிறான் அவன். கைக்குட்டை கீழே விழுகிறது. கிடக்கட்டும் என்று சொல்லி அவளை உள்ளே அழைத்துச் செல்பவனும் அவனே! தள்ளியவன் அவன், தண்டனை பெற்றவள் அவள். இதற்குப் பெயரா கவனக்குறைவு?

இன்னொன்று காணீர். மகளை மாயவித்தையால் மயக்கிவிட்டான் என்று, அவன் நிறத்தையும் சேர்த்து இழித்துரைத்து, பெண்ணின் தந்தை வெனிஸ் நகரத்து அவையிலே வழக்கிடுகிறான். ஒத்தெல்லோ அஞ்சவில்லை. மாயமும் இல்லை மந்திரமும் இல்லை, என் வாழ்க்கைக் கதையே அவளைக் கவர்ந்தது என்கிறான். அவளையே அழைத்துக் கேளுங்கள் என்கிறான். அவை அழைத்தது, அவள் பேசினாள், நீதி கிடைத்தது. எத்துணைப் பகுத்தறிவு!

அதே மனிதன் பின்னர் என்ன செய்கிறான்? கைக்குட்டையைக் காணோம் என்றதும், அது எகிப்திய மந்திரக்காரி தன் தாய்க்குத் தந்தது என்கிறான். இருநூறு ஆண்டு வாழ்ந்த குறிசொல்பவள் தைத்தது என்கிறான். அது தொலைந்தால் கணவனின் அன்பும் தொலையும் என்று மனைவியை மிரட்டுகிறான். கொலைக்குப் பிறகோ, அது தன் தந்தை தாய்க்குத் தந்த பழம்பொருள் என்று வேறு கதை சொல்கிறான்! அவையிலே தனக்குக் கிடைத்த விசாரணையை, படுக்கையறையிலே மனைவிக்கு அவன் தரவில்லை. மாயத்தைப் பொய்யென்று சொல்லிப் பிழைத்தவன், மனைவியை அடக்குவதற்கு மாயத்தையே துணைக்கு அழைக்கிறான். துணியிலே மந்திரம் இல்லை. கணவன் கையிலிருந்த அதிகாரத்துக்கு மந்திரம் என்று பெயர்.

மந்திரமில்லை என்பதை நாடகத்திலேயே உழைக்கும் பெண்கள் அறிவர். கீழே கிடந்ததை எடுக்கும் எமிலியா, இதன் வேலைப்பாட்டைப் பார்த்து இன்னொன்று செய்துகொள்ளலாம் என்கிறாள். அது தன் அறைக்கு வந்த வகை அறியாத காசியோவும், இதே போல் ஒன்று செய்து தா என்று பியாங்காவிடம் கொடுக்கிறான். ஊசியும் நூலும் உடையவள் எவளும் செய்துவிடக்கூடிய ஒன்றுக்கா ஓர் உயிர் விலை? எமிலியாவும் முதலிலே உண்மையை மறைக்கிறாள். ஏன்? எடுத்ததைக் கேட்டு வாங்கியவன் அவள் கணவன் இயாகோ. பின்னர் அவள் வாய் திறந்தாள். தன் கணவன் கையாலேயே மாண்டாள். பேசாத மனைவிக்கும் சாவு, பேசிய மனைவிக்கும் சாவு!

ஊசியும் நூலும் என்றவுடன் நம் நாட்டு வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா அம்மையார், பெண்களுக்கு எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்பித்தார். அவர் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்த கால்டுவெல்லின் துணைவியாகி, அக்கலையை இடையன்குடியிலே வளர்த்தார். திருவிதாங்கூரிலே அடிமைமுறையை ஒழிக்கும் ஆணை 1855-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, திண்டின்மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னி, அந்தக் கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. அவர்கள் பின்னியவற்றை அணிந்தவர்கள் வெள்ளைச் சீமாட்டிகள். ஆயினும், பின்னியவளுக்கு அந்த நூல் விலங்காகவில்லை, விலங்கை உடைத்தது!

இரண்டும் நூல்தான். ஒன்று உயிரைக் கேட்டது. மற்றொன்று உரிமையைத் தந்தது. வேறுபாடு துணியிலே இல்லை. அவள் கூலி அவள் கையிலே இருந்ததா, அவள் சொல்லுக்குச் செவி இருந்ததா என்பதிலே இருக்கிறது.

ஆதலின், இந் நாடகத்தைக் கற்பிக்கும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. கைக்குட்டையைக் காதற்சின்னம் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பரிசைக் கொடுத்தவன் அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமையை எங்கிருந்து பெற்றான் என்று மாணவரைக் கேளுங்கள். மோதிரமாயினும் தாலியாயினும் கைக்குட்டையாயினும், அன்புக்கு அடையாளம் இருக்கலாம். அடையாளத்துக்கு அடிமையாக ஒருத்தி இருத்தலாகாது. இதை உணர்ந்து எழும் மாணவியே இந் நாடகத்தைக் கற்றவள்.