வரிவரியாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள்

பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் வரை எத்தனையோ வீட்டு பீரோக்களில் விஎச்எஸ் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா என்று 1990-களின் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது. ஸ்டுடியோவில் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றி, புது டிவி நிறையும்படி, வழவழவென்று தருகிறார்கள். அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடைசிவரை விசிஆர் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயரை யாரோ பழுதுபார்த்து வைத்திருப்பதால்தான், பூஞ்சை தின்பதற்குள் படம் பிழைக்கிறது. ஆனால் பிழைத்ததில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

முதல் குறை எல்லோர் கண்ணிலும் படும். அன்றைய படத்தின் அகல-உயர விகிதம் 4:3, இன்றைய டிவியுடையது 16:9. இழுத்து நிரப்பினால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். பார்க்கச் சகிக்காது, ஆனாலும் சேதம் சிறிது. பல டிவிகளில் ரிமோட்டிலேயே 4:3-க்கு மாற்றிப் பார்க்கலாம். மேலும் கீழும் வெட்டி நிரப்புவதுதான் கொடுமை. 576 வரிகளில் 144 போய்விடும். மணமக்கள் பெயர் போட்ட கீழ்வரி, நின்றவர்களின் தலை என்று போனது திரும்பாது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்ட படமே சரியான படம்.

இரண்டாவது, இன்டர்லேஸ் விஷயம்: படத்தின் வரிகளை இரண்டு பாதியாகப் பிரித்துப் பதியும் முறை. இதில் கண் நம்மை ஏமாற்றிவிடும். இந்தியாவின் பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொன்றும் இரண்டு ஃபீல்டுகளாலானது: ஒன்றுவிட்டு ஒரு வரியாக 288, ஐம்பதில் ஒரு நொடி கழித்து மீதி 288. ஆக, நொடிக்கு 50 கணங்கள் பதிவாகியிருக்கின்றன. பழைய குழாய் டிவி அவற்றை மாறிமாறிக் காட்டியது. கணினி இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால், வீரபாண்டியில் அக்கினிச்சட்டி ஏந்தி நடப்பவரின் கையோரத்தில் சீப்புப் பல் போல வரிகள் தெரிகின்றன.

அசிங்கமாக இருக்கிறதென்று கடையில் ஒரு ஃபீல்டைத் தூக்கிவிடுகிறார்கள், அல்லது இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். தூக்கினால் பாதி அசைவும் பாதி நுணுக்கமும் போச்சு. கலந்தால் ஆடும் தீக்கு ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளருக்குப் பிடிப்பதும் இந்தப் படம்தான். என் தீர்ப்பு நேர்மாறானது: சீப்பு வரி தெரியும் கோப்பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, வழவழப்பான கோப்பில்தான் இழப்பு. ஒரே விலக்கு, வரிகளை நீக்காமலே படத்தின் உயரத்தை 720 அல்லது 1080-ஆக மாற்றியிருந்தால் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பிறகு பிரிக்க முடியாது.

முறையான வழி, ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃப்ரேமாக வளர்த்து நொடிக்கு 50 ஆக்குவது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளின் யாடிஃப் வடிகட்டி இதைச் செய்யும். எந்த ஃபீல்டு முதலில் என்பதைக் கவனிக்க வேண்டும். DV ஃபார்மட்டில் (மினி DV கேசட்டின் முறை) கீழ்ஃபீல்டு முதலில் வரும், மற்ற முறைகளில் மாற்றிய விஎச்எஸ் பதிவில் பெரும்பாலும் மேல்ஃபீல்டு. மாற்றிப் போட்டால் படம் முன்னும் பின்னும் உதறும்.

கடைக்குப் போகிறவர்கள் இரண்டு கோப்பு கேளுங்கள். ஒன்று, வீட்டில் பார்ப்பதற்கு. மற்றொன்று, 720-க்கு 576 அளவில், இன்டர்லேஸை நீக்காத, கை வைக்காத கோப்பு. DV ஃபார்மட்டில் மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தாவது அதை வாங்கிவிடுங்கள். அது கைக்கு வரும்வரை கேசட்டைப் பழைய பொருட்காரரிடம் போடாதீர்கள்.