புதிய வானில் பழைய போயிங்

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து கொச்சிக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அந்தக் கோடு சித்தூர், கொல்லங்கோடு பக்கமாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து நெல்லியாம்பதி மலைமேல் ஏறி இறங்குகிறது. இடப்புறம் இடுக்கி மலைகள். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி அங்கேதான். ஆனால் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பயணிகள் விமான நிலையம் கிடையாது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி. மாணவர்களுக்காக அமைத்த ஓடுதளம் 650 மீட்டர். சிறு பயிற்சி விமானத்துக்குத்தான் அது போதும். ஜெட் விமானத்தின் ஓட்டி இருக்கையில் உட்கார ஆசைப்படும் எங்கள் தமிழக–கேரள எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணினியில் ஓடும் சிமுலேட்டரே வழி. அதனால்தான் அதில் எது மெய், எது தோற்றம் என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் (எஃப்.எஸ்.எக்ஸ்) 2006-இல் வந்தது. அதற்காகவே தனி நிறுவனங்கள் செய்து விற்ற ஆட்-ஆன் விமானங்கள் பல. 2020 ஆகஸ்டில் முற்றிலும் புதிய சிமுலேட்டர் வந்தது. 2024 நவம்பரில் அடுத்தது. ஒவ்வொரு முறையும் இதே கேள்வி எழுகிறது: காசு கொடுத்து வாங்கிப் பழகிய பழைய விமானத்தைப் புதியதில் ஓட்டலாமா? கோப்புகளை மாற்றியமைத்து ஓட்டுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இந்த வழக்கத்தை முழுதாகப் புகழவும் முடியாது, முழுதாகத் தள்ளவும் முடியாது.

முதலில் நிறைகள். பெரியது நினைவைக் காப்பது. 1999-இல் நெடும்பாசேரி நிலையம் திறக்கும்வரை கொச்சியின் விமானங்கள் வில்லிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில்தான் இறங்கின. இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737-200 போன்ற விமானங்களை இன்று வானில் தேடினாலும் காண்பது அரிது. 1971-இல் ஏர் இந்தியாவுக்கு வந்த ஜம்போ 747-இன் வரலாறு, கடைசி விமானங்களில் ஒன்று 2024 ஏப்ரலில் மும்பையை விட்டுப் பறந்தபோது முடிவுக்கு வந்தது. புதிதாகச் செய்கிற நிறுவனங்கள் விற்பனையாகும் விமானங்களையே நாடும். ஓய்வு பெற்றவை பல பழைய ஆட்-ஆன்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றை அழியவிடாமல் ஏந்திக்கொண்டு போகிறவர்கள் ஓர் ஆவணப் பணியையே செய்கிறார்கள்.

அடுத்தது பழக்கம். ஒரு காக்பிட்டில் எந்த ஸ்விட்ச் எங்கே, எஞ்சினை உயிர்ப்பிக்கும் வரிசை என்ன என்பதைக் கை கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். புதிய சிமுலேட்டருக்காக அத்தனையையும் மறுபடி காசு கொடுத்துத் தொடங்கு என்று ஒரு மாணவனிடம் சொல்வது எளிதல்ல. மூன்றாவது, பழைய வீட்டின் நெருக்கடி. எஃப்.எஸ்.எக்ஸ் 32-பிட் மென்பொருள், 4 ஜி.பி. நினைவகத்துக்கு மேல் அதனால் தொட முடியாது. கனமான விமானமும் விரிவான நிலையமும் சேர்ந்தால், மணிக்கணக்கில் பறந்து இறங்கும் வேளையில் நினைவகம் தீர்ந்து எல்லாம் மூடிக்கொள்ளும். 64-பிட் சிமுலேட்டரில் அந்தத் துயரம் இல்லை. அங்கே குடியேற நினைப்பதில் நியாயம் உண்டு.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, உடம்பு வருகிறது, நரம்பு வருவதில்லை. வெளித்தோற்றமும் இறக்கையும் கதவும் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் சிக்கலான விமானத்தின் கருவிகள் பழைய விண்டோஸ் நிரல்களாக எழுதப்பட்டவை. 2020 சிமுலேட்டர் அவற்றை ஏற்காது. வெப் அசெம்பிளி என்ற வேறு வடிவில் அவற்றைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். அதற்கு மூல நிரல் வேண்டும். அது செய்தவர் கையில் இருக்கிறது, வாங்கியவர் கையில் இல்லை. ஆகவே பறத்தல் கணினி இருண்டு கிடக்கும், தானியங்கி ஓட்டி பாதி கேட்கும். சிமுலேட்டரோடு வரும் வேறொரு விமானத்தின் கருவிகளை எடுத்து ஒட்டினால் திரை ஒளிரும். ஆனால் அது ஏர்பஸ் மூளை பொருத்திய போயிங் ஆகிவிடும். எந்த விமானத்தை நினைவில் காக்கப் புறப்பட்டோமோ அது அங்கே இல்லை.

இரண்டாவது குறை எங்கள் ஊர்க்காற்றில் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகல வாசல். அதன் வழியே பாயும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்கின்றன. இடுக்கியின் எல்லையில் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் உண்டு. 2020 முதலான சிமுலேட்டர் மலைச்சரிவில் மோதி ஏறும் காற்றையும் மறுபக்கம் விழும் காற்றையும் கணக்கிடுகிறது. விமான உடலின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அதன் விசையை அளக்கிறது. பழைய விமானமோ முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைகளை நம்பிப் பறப்பது. புதியதிலும் அது பழைய பறத்தல் முறையிலேயே ஓடுகிறது. நெல்லியாம்பதி முகட்டைக் கடக்கும்போது இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் வெவ்வேறு காற்று படும் என்பதை அது அறியாது. வெளியே புதிய மலை, புதிய மேகம். உள்ளே 2006-இன் காற்று. பார்க்கிறவர் கண்ணை நம்பி, பறத்தலும் மெய் என்று எடுத்துக்கொள்கிறார். இந்த மயக்கம்தான் இந்த வழக்கத்தின் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது, தரவு. உலக விமானத் தடத் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. பெங்களூரு நிலையம் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்கு மாறியது. கண்ணூர் 2018 டிசம்பர் 9-இல் திறந்தது. 2007-ஆம் ஆண்டுத் தரவோடு வந்த விமானத்தின் கணினியில் கண்ணூர் என்ற நிலையமே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஓடுதளம் தெரியும்; கணினி அப்படி ஓர் ஊர் இல்லை என்னும். தரவைச் சந்தாக் கட்டிப் புதுப்பிக்கலாம், ஆனால் எல்லாப் பழைய விமானத்துக்கும் அந்த வசதி தொடர்வதில்லை.

நான்காவது, உரிமை. ஒரு சிமுலேட்டருக்கென்று உரிமம் பெற்ற விமானத்தைத் தன் கணினியில் மாற்றிப் பார்ப்பது ஒன்று. மாற்றியதைப் பிறருக்குப் பகிர்வது வேறு. இலவசமாகக் கொடுத்தவரிடமும் அனுமதி கேட்க வேண்டும். ஒருவரின் பல ஆண்டு உழைப்பை அவர் பெயரை நீக்கிவிட்டுப் பரப்புவது, எந்த நினைவைக் காக்கும் பெயரில் செய்தாலும் தவறுதான்.

எல்லாப் பழமையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2020-க்குச் செய்த விமானம் 2024-இல் பெரும்பாலும் ஓடிவிடுகிறது; இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. விமானத்தைச் சுற்றி நடந்து சோதிப்பது போன்ற புதிய வசதிகள் சில கிடைக்காது, அவ்வளவே. 2006-க்கும் 2020-க்கும் இடையிலோ முழுமையான பாலம் இல்லை. அதை நன்கறிந்தவர்கள் செய்தவர்களே. 2011-இல் எஃப்.எஸ்.எக்ஸுக்கு 737 தந்த பி.எம்.டி.ஜி நிறுவனம் 2022-இல் புதிய சிமுலேட்டருக்குத் தனி விமானமாகவே 737-ஐ வெளியிட்டது. காசில்லாதவருக்கும் நேர்வழி திறந்திருக்கிறது. ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 இலவசம், அதன் மூல நிரலும் திறந்தது. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் ஸீபோ 737 இலவசம். ஏர் இந்தியா 1986 முதல் ஓட்டிய ஏ310 ரகத்தை, 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலேயே கட்டணமின்றிக் கொடுத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. பார்க்கவும் படமெடுக்கவும் பழைய விமானத்தைப் புதிய வானுக்குக் கொண்டு போகலாம், தவறில்லை. பறக்கக் கற்றுக்கொள்ள அதை நம்பக் கூடாது. நினைவாகக் காக்க வேண்டுமென்றால், அது முழுதாக இயங்கும் பழைய சிமுலேட்டரிலேயே, அதன் காலத் தரவோடு வைத்துக் காப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. பழைய கணினியைக் கழித்துவிட நினைக்கும் சித்தூர், அடிமாலி நண்பர்களே, அதற்கு முன் விமானத்தின் நிறுவல் கோப்பையும் உரிம எண்ணையும் கையேட்டையும் ஒரு வட்டில் பத்திரப்படுத்துங்கள். விற்பனையை நிறுத்திவிட்ட படைப்பாளிகளே, மூல நிரலைத் திறந்துவிடுங்கள். அது இருந்தால் 737-200-ஐ நாளைய சிமுலேட்டரில் நரம்போடு சேர்த்து எழுப்ப இங்கே ஆள் இருக்கிறது.