தமிழ்க் காமிக்ஸ் யாருக்கு?

சிவகாசி இல்லாமல் தமிழ்க் காமிக்ஸைப் பற்றிப் பேச முடியாது. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் அங்கிருந்துதான் புறப்பட்டது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ்பாண்டோடு கடைகளில் தொங்கியது. ராணி இருபது ஆண்டுகள் ஓடி நின்றுவிட்டது. பூந்தளிர், ரத்னபாலா போன்ற சிறுவர் இதழ்கள் அதற்கும் முன்பே போய்விட்டன. முத்துவும் லயனும் மட்டும் தடுமாறி, இடைவெளி விட்டு, 2012இல் புதுத் தெம்போடு எழுந்து, இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

கடந்த ஓராண்டாகச் சந்தா கட்டி, கூரியரில் வந்த எதையும் ஒதுக்காமல் படித்தேன். பிடித்த நாயகனை முதலில் எடுத்துக்கொண்டு மற்றதை அடுக்கில் வைக்கும் பழக்கத்தை விட்டேன். வீட்டில் இருக்கும் பழைய தொகுப்புகளையும் எடுத்து ஒப்பிட்டேன். ஆண்டு முடியும்போது எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பழைய வாசகர்களின் விசுவாசம்தான் தமிழ்க் காமிக்ஸைச் சாகவிடாமல் காத்தது. அதே விசுவாசம்தான் இன்று புதியவர்கள் உள்ளே வரும் வழியையும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கிடைத்த வளத்தைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சிலோ இத்தாலியனிலோ ஒரு சொல்கூடத் தெரியாத ஒருவர், தமிழ் மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பியக் காமிக்ஸின் முக்கியமான படைப்பாளிகள் பலரைப் படித்துவிட முடிகிறது. வான் ஹாம் என்ற பெல்ஜிய எழுத்தாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இரத்தப் படலம்' என்று நாம் படிக்கும் XIII, தோர்கல், லார்கோ வின்ச் மூன்றும் அவர் உருவாக்கியவை. தனித்தனியாகப் படித்தபோது ஒன்று உளவுக்கதை, ஒன்று வைக்கிங் கதை, ஒன்று பெருவணிகக் கதை என்றுதான் தோன்றியது. அடுத்தடுத்துப் படித்தபோது மூன்று நாயகர்களுக்கும் ஒரே சிக்கல் இருப்பது தெரிந்தது. XIIIக்கு நினைவு இல்லை. தோர்கல் வைக்கிங்குகள் கண்டெடுத்து வளர்த்த குழந்தை. லார்கோ ஒரு கோடீஸ்வரர் ரகசியமாகத் தத்தெடுத்த பையன். தாம் யார் வயிற்றில் பிறந்தோம், யாருடைய சொத்துக்கும் பழிக்கும் வாரிசு என்ற கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மூவரும் அலைகிறார்கள். ஓர் எழுத்தாளரின் மனம் எந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதைத் தமிழிலேயே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

அதே 'இரத்தப் படல'த்தில் குறையும் தெரிந்தது. ஒரு காலத்தில் இதன் பாகங்கள் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தன. 2010இல் பதினெட்டுப் பாகங்களும் ஒரே கறுப்பு வெள்ளைத் தொகுப்பாகவும், 2018இல் வண்ணத்திலும் கிடைத்தன. காத்திருந்து படித்த தலைமுறைக்கு ஒவ்வொரு திருப்பமும் இடியாக விழுந்தது. ஒரே மூச்சில் படித்தால் ஸ்டீவ் ரோலண்ட், ஜேஸன் ஃப்ளை, கெல்லி பிரையன் என்று அடையாளங்கள் மாறிக்கொண்டே போவது ஒரு கட்டத்தில் களைப்பைத் தருகிறது. முதல் ஐந்து பாகங்களில் கதை கச்சிதமாக இறுகி நிற்கிறது. அதற்குப் பிறகு அது தன் வெற்றியாலேயே நீண்டுவிட்டது என்பதே என் கணிப்பு. ஆனாலும் ஓவியர் வில்லியம் வான்ஸின் கோடுகளுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போவேன்.

என்னை உலுக்கியது 'நிஜங்களின் நிசப்தம்'. பிலிப் க்ளோதெலின் நாவலை மனு லார்செனே படக்கதையாக்கியது. போர் முடிந்த ஒரு மலைக்கிராமம். வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஓவியன் ஒருவனை ஊரே சேர்ந்து கொன்றுவிடுகிறது. அந்தக் கொலையை நியாயப்படுத்தும் அறிக்கையை எழுத வேண்டியவன் ப்ரோடெக். வதைமுகாமில் நாயைப்போல நடத்தப்பட்டு உயிர்தப்பி வந்தவன். அவனை முகாமுக்கு அனுப்பியதில் இதே ஊருக்கும் பங்கு உண்டு. லார்செனே பக்கம் பக்கமாக எழுத்தே இல்லாமல் வரைகிறார். பனி மூடிய காடு, கிளையில் ஒரு பறவை, கன்னங்கரிய மரங்கள், பிறகு ஊர்க்காரர் ஒருவரின் முகம். வசனம் இல்லாத இந்தக் கட்டங்களை அவசரமாகப் புரட்டினால் கதை கைவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பார்த்தால், ஊர் எதை மறைக்கிறது என்பது அந்த வெள்ளைப் பனியிலேயே தெரிகிறது. காமிக்ஸ் என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் நம் இலக்கியவாதிகள் இந்த ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசட்டும். இப்படி ஒன்றைத் தமிழில் வெளியிட நெஞ்சுரம் வேண்டும். அது சிவகாசிக்கு இருந்தது.

ஆனால் ஆண்டின் பெரும்பகுதிப் பக்கங்கள் இப்படிப்பட்ட புத்தகங்களுக்குப் போகவில்லை. டெக்ஸ் வில்லருக்குப் போயின. 1948இல் இத்தாலியில் ஜியான் லூய்ஜி பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் உருவாக்கிய டெக்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. செவ்விந்தியர்களைச் சுட்டுத்தள்ளுவதே வீரம் என்று ஹாலிவுட் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நவஹோ பெண்ணை மணந்து அந்த மக்களுக்கே தலைவனான ஒரு வெள்ளை ரேஞ்சரைக் கற்பனை செய்தது பெரிய காரியம். மனைவி லிலித்தை அம்மைநோய் தொற்றிய போர்வைகளால் இழந்த கதையில் உண்மையான துயரமும் கோபமும் இருக்கின்றன. ஆனால் மாதம்தோறும் டெக்ஸ் படிக்கும்போது அந்தத் துயரம் காணாமல் போகிறது. ஊருக்குள் வருகிறார், சலூனில் ஒருவனை அடிக்கிறார், கூட்டாளி கார்சன் சலித்துக்கொள்கிறார், கடைசியில் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சண்டை. அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். விற்பனை டெக்ஸிடம் இருக்கிறது, அதனால் பதிப்பாளர் டெக்ஸைத் தருகிறார் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. அந்தக் கணக்கை எழுதுபவர்கள் வாசகர்களாகிய நாம்தான். புதுத்தொடர் ஒன்று வந்தால் ஒரே இதழில் 'செட் ஆகலை' என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

மறுபதிப்புகளிலும் இதே கதைதான். பழைய பிரிட்டிஷ் நாயகர்களான மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மீது எனக்கும் பாசம் உண்டு. மின்சாரம் உடலில் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தக் காட்சியை ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த விதத்துக்கு இன்றும் ஈடு இல்லை. ஆனால் இவை பிரிட்டனின் 'வேலியண்ட்', 'லயன்' வார இதழ்களில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தவை. சில பக்கங்களுக்கு ஒருமுறை ஆபத்து, அடுத்த பக்கத்தில் தப்பிப்பு. மொத்தமாகக் கட்டி கெட்டி அட்டை போட்டால் கதை மூச்சிரைக்கிறது. சேகரிப்புக்கு இவை வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் புதுக்கதைகளின் இடத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம்.

தயாரிப்பிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். வசன பலூன்கள் இத்தாலிய, பிரெஞ்சு வாக்கியங்களின் அளவுக்கு வரையப்பட்டவை. தமிழ் வாக்கியம் அதில் அடங்குவதில்லை. அதனால் எழுத்து பொடியாகிறது, சொற்கள் நடுவில் உடைகின்றன, பலூனின் ஓரத்தில் எழுத்துகள் முட்டி நிற்கின்றன. சித்திரம் விரிந்து மூச்சுவிடும் பக்கத்தில் எழுத்து நெரிசலாக இருந்தால் கண் இரண்டுக்கும் நடுவே திண்டாடுகிறது. கொஞ்சம் சுருக்கி எழுதினாலே இதில் பாதி சரியாகிவிடும். படமே சொல்லிவிட்டதை வசனமும் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வேறு. புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்கில் நின்று பார்த்தால் நாற்பதைத் தாண்டிய ஆண்கள்தான் அதிகம். நட்போடு பேசுகிறார்கள், பழைய அட்டைப்படங்களை நினைவுகூர்கிறார்கள். அவர்கள் கையைப் பிடித்து வரும் பிள்ளைகள் ஆங்கில மங்காவையும் டிங்கிளையும் தேடிப் போகிறார்கள். ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைத்த காமிக்ஸ், இன்று மொத்தமாகச் சந்தா கட்டுபவருக்கான பொருள். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் கைக்காசில் வாங்கி, ஒரே மதியத்தில் முடித்து, தோழிக்குக் கொடுக்கக்கூடிய தமிழ்க் காமிக்ஸ் எங்கே? அவளைப்போன்ற ஒருத்தி நாயகியாக வரும் கதை எங்கே? நகைச்சுவைக் கௌபாய் லக்கி லூக் ஒருவர்தான் அவளுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துச் சிரிப்பு தருகிறார்.

நம் மண்ணின் கதைகளும் இல்லை. தினத்தந்தியில் 1960 முதல் நாள்தோறும் கன்னித்தீவு வந்துகொண்டிருக்கிறது. படத்தொடரை விடாமல் படிக்கும் பழக்கம் தமிழருக்கு இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். தன் நாட்டின் கதையைத் தானே வரைந்த மர்ஜானே சத்ரபியின் பெர்சபொலிஸை விடியல் பதிப்பகம் தமிழில் தந்தது. அதைப் படித்தவரும் லயன் படிப்பவரும் ஒரே கடையில் சந்தித்துக்கொள்வது அரிது. ஈழப்போரின் கடைசி மாதங்களை ஒரு குடும்பத்தின் வழியே சொல்லும் 'வன்னி' கிராஃபிக் நாவலை இரண்டு பிரிட்டிஷ் படைப்பாளிகள் 2019இல் ஆங்கிலத்தில் செய்தார்கள். நம்மைப் பற்றிய கதையை வரைய நம்மிடம் கை இல்லையா? இருக்கிறது. வார இதழ்களில் வரைந்த ஓவியர்களின் மரபும், அனிமேஷன் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக உலகின் நல்ல காமிக்ஸைப் படித்த வாசகர்களும் இருக்கிறார்கள். அந்த வரைபவர்களுக்குக் கூலி கொடுத்து நூறு பக்கம் வரையச் சொல்லும் பதிப்பகம்தான் இல்லை.

லயன், முத்து ஆசிரியர் குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சந்தாத் திட்டத்தில் டெக்ஸுக்குப் போகும் இடங்களில் இரண்டை எடுத்து, ஒன்றைச் சிறுவர்களுக்கான மெல்லிய, மலிவான இதழுக்கும், இன்னொன்றைத் தமிழ்ப் படைப்பாளியின் முதல் கதைக்கும் கொடுங்கள். என்னைப்போன்ற சந்தாதாரர்கள் அதற்காகச் சந்தாவை நிறுத்த மாட்டோம். வாசகர்களே, அடுத்த பார்சல் வந்ததும் அதில் ஒரு லக்கி லூக்கை எடுத்து உங்கள் தெருவிலுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள்.